சின்னத்தாய்க்கு ஒரு சுற்று

ஒன்பதாங்கட்டைத் தோட்டத்துக்கு வரலாறு என்று ஒன்று இருப்பதாக அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. ரப்பர் இருந்தது, பிறகு செம்பனை இருந்தது, வரிசை வீடுகளாக லயங்கள் இருந்தன, லயங்களில் ஆட்கள் இருந்தார்கள். அவ்வளவுதான். கம்பெனி தோட்டத்தை விற்று, லயங்களை இடித்து, ஆட்களை வேலிக்கு வெளியே அடுக்குமாடியில் ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் கார்ப் பந்தயத் தடம் ஒன்றைக் கட்டி முடித்த மறு வருஷம்தான் வரலாறு தேவைப்பட்டது. தேவைப்பட்டதும் அதற்கென்று ஒரு பிரிவைத் தொடங்கி, மேசை நாற்காலி போட்டு, ஏர்கோனும் மாட்டிக் கொடுத்தார்கள். கதவில் 'வரலாறு மற்றும் குணநலப் பிரிவு' என்று எழுதியிருந்தது.

குணநலம் எதற்கு என்று கேட்பீர்கள். தடத்தைப் பார்வையிட வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். தார் உயர்ந்த ரகம், வளைவுகள் ஒழுங்கானவை, கழிப்பறைகள் சுத்தம், ஆனால் இந்தத் தடத்துக்குக் குணம் போதாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். உலகத்தில் பேர்போன தடங்களுக்கெல்லாம் ஒரு கதையும் ஒரு குணமும் உண்டாம். நிர்வாகக் கூட்டம் உடனே கூடியது. குணம் எங்கே கிடைக்கும், என்ன விலை, எப்போது கொண்டுவந்து இறக்குவார்கள் என்று விசாரித்ததில், வேலிக்கு வெளியே அடுக்குமாடியிலேயே இலவசமாகக் கிடைப்பதாகத் தெரிந்தது.

அப்படித்தான் ஷர்மினி என்ற பெண், தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியே முதுமை அடைந்த சின்னத்தாயின் வீட்டுக்கு வந்தாள். பிரிவின் மேலாளர் அவள். பெட்டாலிங் ஜெயாவில் வளர்ந்த பெண், நல்ல பெண்ணும்கூட. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தாள். சின்னத்தாயிடம் மிச்சமிருந்த பால்வெட்டுக் கத்தியையும் ஒரு பால் வாளியையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு சின்னத்தாயை ஜன்னலோரம் உட்கார வைத்துப் படம் எடுத்தாள்.

"ஆண்ட்டி, கார்னர் எல்லாத்துக்கும் எஸ்டேட் நேம்தான் வெச்சிருக்கோம். மண்டோர் கார்னர், கிராணி கார்னர், பெரட்டு ஸ்ட்ரேய்ட். நைஸ் இல்ல?"

"என் வீட்டுக்காரரு படுத்திருக்கிற எடத்துக்கு என்னா பேரு?" என்று சின்னத்தாய் கேட்டார்.

ஷர்மினி கையிலிருந்த வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அது லாஸ்ட் கார்னர், ஆண்ட்டி. அத மட்டும் ஒரு டயர் கம்பெனிக்குக் குடுத்துட்டாங்க."

சின்னத்தாயின் கணவர் சோமு படுத்திருப்பது தோட்டத்து இடுகாட்டில். தோட்டத்தை விற்றபோது, இடுகாட்டில் ஒரு சாண் மண்ணைக்கூடத் தொடமாட்டோம் என்று கம்பெனியும் வாங்கியவர்களும் கோயில் முன்னால் நின்று வாக்குக் கொடுத்தார்கள். வாக்குத் தவறவில்லை. இடுகாட்டைத் தொடாமல் அதைச் சுற்றித் தார் போட்டார்கள். போய்வர ஒரு சுரங்கப் பாதை கட்டித் தருவதாகவும் சொன்னார்கள். அதையும் கட்டினார்கள். கட்டும்போது மறுமுனை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போய், பெரிய விருந்தினர்கள் சாப்பிடும் கட்டடத்துக்குள் திறந்துகொண்டது.

சில மாதங்களில் தடத்தின் வாசலுக்கு மேலே சின்னத்தாயின் முகம் ஏறியது. ஒரு வீட்டு அளவு பிளாஸ்டிக் படுதா. உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் பார்க்கும்படி இரண்டு பக்கமும் அதே முகம், அதே சுருக்கங்கள். கீழே 'வேகத்தின் தாய்' என்று போட்டிருந்தது. சின்னத்தாய் வாழ்நாளில் வேகமாகச் செய்த ஒரே காரியம், பிந்தினால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வேலை தராமல் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடியதுதான். மகன் அர்ஜுனன் அவரை மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டினான். அண்ணாந்து பார்த்துவிட்டு, "தோடு நல்லா விழுந்திருக்கு" என்றார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் தனியாக நின்ற ரப்பர் மரத்தைப் பார்த்தார். இடுகாட்டு ஓரத்தில் தப்பிப் பிழைத்த ஒற்றை மரம் அது.

"அர்ஜுனா, நான் போயிட்டா வேற எங்கயும் கொண்டுபோய் எரிச்சிடாத. அப்பா பக்கத்துல எடம் விட்டுத்தான் வெச்சிருக்கு."

"சரிம்மா" என்றான்.

அர்ஜுனன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். ஐம்பதைத் தாண்டியும் யார் எதைச் சொன்னாலும் முதலில் சரி என்றுதான் அவன் வாயில் வரும். அம்மாவிடம் சொன்ன சரியை மட்டும் அவன் மனதில் வைத்துச் சொன்னான்.

சின்னத்தாய் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் இறந்தார். அதுவரை தடம் திறந்த பிறகு அடுக்குமாடியில் ஒரு சாவும் விழவில்லை. விழுந்த முதல் சாவு பந்தய வாரத்தில் விழுந்தது. சனிக்கிழமை தகுதிச் சுற்று, ஞாயிறு பந்தயம், ஒன்பது நாட்டிலிருந்து கார்கள் வந்திருந்தன.

அர்ஜுனன் தன் நண்பன் பெர்னாட்டைக் கூட்டிக்கொண்டு தடத்தின் வாசலுக்குப் போனான். பெர்னாட்டிடம் சின்ன லோரி ஒன்று உண்டு. அடுக்குமாடியில் யார் வீடு மாறினாலும், யார் செத்தாலும் அதுதான் வரும். அவன் மனைவி முரியலும் அதே இடுகாட்டில்தான், மாதா கோயில்காரர்களின் வரிசையில் இருக்கிறாள். கல்லறைத் திருநாளுக்கு அங்கே மெழுகுவர்த்தி ஏற்ற அவன் தீயணைப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து தடத்தின் பேச்சை எடுத்தாலே அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

வாசல் காவலாளி பாஸ் கேட்டான்.

"எங்கம்மா தவறிட்டாங்க. ஆபிசுல பேசணும்" என்றான் அர்ஜுனன்.

"எந்த அம்மா? பேரு லிஸ்ட்ல இருக்கா?"

பெர்னாட் கையை மேலே நீட்டினான். காவலாளி அண்ணாந்து படுதாவைப் பார்த்தான், அர்ஜுனனைப் பார்த்தான், மறுபடியும் படுதாவைப் பார்த்தான். "இவங்களுக்குப் பாஸ் வேணாம்லா. ஒங்களுக்குத்தான் வேணும்" என்றான்.

ஷர்மினி செய்தி கேட்டதும் உண்மையாகவே அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தடத்தின் தலைவரிடம் அவர்களை அழைத்துப் போனாள். தலைவர் பெயர் நடேசமூர்த்தி, டத்தோ பட்டம் வாங்கியவர். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். எந்த மேடை ஏறினாலும் அதைத்தான் முதலில் சொல்வார். அவருடைய அப்பா ஆபிசில் கணக்கெழுதிய கிராணி, பங்களாவில் இருந்தவர் என்பதை மேடையில் சொல்வதில்லை.

டத்தோ எழுந்து வந்து அர்ஜுனனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒங்கம்மா எனக்கும் அம்மாதான். அந்தப் படத்த மாட்ட நான் கூட்டத்துல எவ்ளோ சண்ட போட்டேன் தெரியுமா? ஒரு பேங்க் வெளம்பரத்த எறக்கிட்டு அம்மாவ ஏத்துனோம். அந்த எடத்துக்கு ஒங்ககிட்ட வாடக கேட்டோமா? கேக்கல. ஏன்? உணர்வு. தமிழ் உணர்வு."

"சரிங்க டத்தோ. அம்மாவ அப்பா பக்கத்துல வெக்கணும். வாசலத் தொறந்து விட்டீங்கன்னா..."

"பொறுங்க. நான் சொல்றத முழுசா கேளுங்க. உலகத்துல பெரிய பெரிய தடத்துக்கெல்லாம் ஒரு சாவு இருக்கு. இந்த வளைவுல இன்னாரு செத்தாரு, அந்த வளைவுல இன்னாரு செத்தாருன்னு சனங்க தேடிப் போயி பூ வெக்கிறாங்க. அதான் குணம். நம்ம தடத்துல இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன்கூட சாகல. பாதுகாப்பு அவ்ளோ நல்லா இருக்கு. அதுதான் நம்ம பெரிய பலவீனம். ராத்திரியெல்லாம் தூக்கம் வராம யோசிப்பேன், தம்பி. இப்ப ஒங்கம்மா வந்து அந்தக் கொறைய தீத்து வெச்சிருக்காங்க."

அர்ஜுனனுக்கு இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று புரியவில்லை. "அம்மா வீட்டுலதான் செத்தாங்க, டத்தோ. மூச்சு வாங்கி" என்றான்.

"எங்க செத்தாங்கங்கிறது முக்கியமில்ல தம்பி. எங்க பொதைக்கிறோம், எத்தன கேமரா இருக்கு, அதான் முக்கியம்."

பெர்னாட் பொறுக்கமாட்டாமல் சுரங்கப் பாதையைக் கேட்டான். அது வாக்குக் கொடுத்த பாதைதானே, அது வழியாகத் தூக்கிப் போகிறோம் என்றான். டத்தோவின் முகம் வாடிவிட்டது. அந்தப் பாதையில் கம்பளம் விரித்திருக்கிறது, மறுமுனையில் விருந்தினர்கள் காலைப் பசியாறிக்கொண்டிருப்பார்கள், ஒரு சாவு வீட்டுக்காரர் அடுத்தவர் சாப்பாட்டில் மண் போடுவது நம் பண்பாடா என்று கேட்டார். அந்தக் கட்டடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள் அர்ஜுனனின் தங்கை குமுதா. அன்றைக்கு அம்மாவுக்காக லீவு போட்டிருந்தாள்.

முடிவாக, சனிக்கிழமை மதிய இடைவேளையில் சின்னத்தாய்க்குத் தடத்தைத் திறந்துவிடுவதாக டத்தோ அறிவித்தார். அர்ஜுனனுக்குக் கண் கலங்கியது. சரிங்க, ரொம்ப நன்றிங்க என்று கும்பிட்டான். இந்தக் கும்பிடை நினைத்து அவன் பிறகு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டான்.

ஏனென்றால் அதற்குப் பிறகுதான் பாதுகாப்பு அதிகாரி லூகாஸ் வந்தார். சிரிக்கத் தெரியாத நேர்மையான மனிதர். அவர் சுவரிலிருந்த பெரிய வரைபடத்தைக் காட்டி விளக்கினார். வாசலைத் தாண்டினால் பெரட்டு ஸ்ட்ரேய்ட் என்னும் நேர்ச்சாலை. வாசலில் நின்றால் இடுகாடு வலது கைப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், கடைசி வளைவுக்கு உட்புறம் இருக்கிறது. ஆனால் தடத்தில் கார்கள் ஓடுவது இடது கைப் பக்கமாக. ஆகவே பிணமும் அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டும்.

"அந்தப் பக்கமா போனா எப்பங்க இடுகாடு வரும்?"

"மண்டோர் கார்னர், கிராணி கார்னர் எல்லாம் சுத்தி, முழுசா ஒரு ரவுண்டு வந்தா கடைசில வரும்."

"இங்கேருந்து தெரியுதே சார். எறங்கி நடந்தா ஒரு வெத்தல போடற நேரம்."

"அது எதிர்த்திசை" என்றார் லூகாஸ். அவர் குரலே இறங்கிவிட்டது. "தடத்துல என்ன தப்பு வேணும்னாலும் பண்ணலாம். மன்னிப்பு இருக்கு. எதிர்த்திசைல போறதுக்கு மட்டும் மன்னிப்பு கெடையாது. அது கொலைக்குச் சமம்."

அர்ஜுனன் சரிங்க என்றான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெர்னாட்டின் லோரியைச் சோதனைக் கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். பந்தயக் கார்கள் வரிசையாக நிற்கும் இடத்தில், ரோத்தான் பிரம்புக் கூடையும் பழைய தார்ப்பாலினும் கிடந்த அந்த லோரியும் போய் நின்றது. வெள்ளைக் கையுறை போட்ட நான்கு பேர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். டயர் மாற்றச் சொன்னார்கள். பெட்டியை ஆறு வார் போட்டுக் கட்டச் சொன்னார்கள். நெருப்புச் சட்டி கூடாது, பெட்ரோல் இருக்கும் இடம் என்று சொல்லி, பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். கையில் பிடித்தால் சிவப்பாகக் கண் சிமிட்டும். வழியில் பூ இறைக்கக் கூடாது, டயர் வழுக்கும் என்றார்கள். மேளம் அடிக்கக் கூடாது, சத்தத்துக்கு வரம்பு உண்டு என்றார்கள்.

அப்போது பக்கத்துக் கொட்டகையில் ஒரு காரைக் கிளப்பினார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. லூகாஸ் பேசுவது வாயசைவாக மட்டும் தெரிந்தது. சத்தம் நின்றதும் பெர்னாட் கேட்டான். "இந்தச் சத்தத்துக்கு வரம்பு இல்லையா பாஸ்?"

"இது விளையாட்டு. மேளம் தொந்தரவு. ரெண்டுக்கும் வேற வேற பிரிவு" என்றார் லூகாஸ்.

கடைசியில் ஹெல்மெட் விஷயம் வந்தது. வண்டியில் போகிற எல்லோரும் போட வேண்டும். பெட்டிக்குள் இருப்பவரும் போட வேண்டுமா என்று பெர்னாட் குத்தலாகத்தான் கேட்டான். லூகாஸ் அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. யோசித்தார். யாருக்கோ போன் போட்டார். அவர் இன்னொருவருக்குப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. விதியில் 'வண்டியில் செல்வோர் அனைவரும்' என்றுதான் இருக்கிறதாம். உயிரோடு என்று இல்லையாம்.

அர்ஜுனன் அந்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஐஸ் பெட்டிக்குள் சின்னத்தாய் நெற்றியில் காசோடு படுத்திருந்தார். குமுதா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் கையில் இருந்ததைப் பார்த்ததும் எழுந்தாள்.

"என்னாண்ணே இது?"

அவன் சொன்னான். சொல்லும்போதே அவனுக்கு அவமானமாக இருந்தது. குமுதா அழவில்லை. அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள்.

"நாளைக்குக் குளிப்பாட்டி, சீயக்கா போட்டு, நான் அம்மாவுக்குத் தல சீவி விடணும். அந்தத் தலயில இதயா மாட்டச் சொல்ற? அவன் சொன்னான்னு நீ வாங்கிட்டு வந்தியா? நீ எதுக்குத்தாண்ணே இல்லன்னு சொல்லுவ? அப்பாவோட வீட்ட இடிச்சப்பவும் சரின்ன. நாலாவது மாடியில ஏத்துனப்பவும் சரின்ன. அம்மா அந்தப் படியில எறங்க முடியாம எத்தன நாளு வீட்டுக்குள்ளயே கெடந்தாங்க?"

தங்கை சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அந்த ஹெல்மெட்டைக் கடைசியில் பெட்டியில் கால்மாட்டில் வைத்தார்கள். அதில் ஒரு எஞ்ஜின் எண்ணெய் விளம்பரம் ஒட்டியிருந்தது.

சனிக்கிழமை காலை நண்பர்கள் நாலைந்து பேரை லூகாஸ் உள்ளே விட்டுக் குழி வெட்ட வைத்தார். மதியம் சின்னத்தாயின் பெட்டியைப் பெர்னாட்டின் லோரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அர்ஜுனன் தலையை மழித்து, வேட்டி கட்டி, ஒரு கையில் தண்ணீர்க் குடமும் மறு கையில் கண் சிமிட்டும் விளக்குமாக லோரியில் நின்றான். பின்னால் அடுக்குமாடி சனமெல்லாம் நடந்து வந்தது. உறுமி மேளக்காரர்களும் வந்தார்கள், அடிக்கமாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டு.

வாசலில் ஷர்மினி காத்திருந்தாள். பால்வெட்டுக்காரிகள் மாதிரி உடுத்திய பெண்கள் எட்டுப் பேர் புத்தம் புது பிளாஸ்டிக் வாளிகளோடு வரிசையாக நின்றார்கள். நடனக் குழுவாம். சுற்று முடிந்ததும் அர்ஜுனன் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியை ஆட்ட வேண்டும் என்று ஷர்மினி மெதுவாகச் சொன்னாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வையாளர் மாடத்தில் சனங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

டத்தோ ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"அன்பார்ந்த பெருமக்களே! நானும் தோட்டத்துப் பிள்ளைதான். இந்த மண்ணில் ஒரு காலத்தில் நம் மக்கள் மெதுவாக நடந்தார்கள். இன்று அதே மண்ணில் மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார்கள் பறக்கின்றன. இதைவிட முன்னேற்றம் உண்டா? எங்களை விரட்டிவிட்டார்கள் என்று சிலர் பேசுகிறார்கள். யாரை விரட்டினோம்? இதோ, அம்மா சின்னத்தாய் திரும்பி வந்துவிட்டார்! உயிரோடு இருந்தபோது அவருக்கு நாங்கள் எதுவும் செய்யவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்று, இறந்த பிறகு, அவருக்கு இலவசமாக ஒரு முழுச் சுற்று தருகிறோம்!"

மாடத்தில் கை தட்டினார்கள்.

லோரி வாசலைத் தாண்டி நேர்ச்சாலையில் ஏறியது. ஏறிக் கொஞ்ச தூரம் இடது பக்கம் போனதும் பெர்னாட் பிரேக்கை மிதித்தான். வேண்டுமென்று மிதிக்கவில்லை. கால் தானாக மிதித்தது.

ஒன்பதாங்கட்டையில் பிணம் தூக்கிய எல்லோருக்கும் அந்த இடம் தெரியும். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம் முன்பு அதே இடத்தில்தான் இருந்தது. லயத்துக்கும் இடுகாட்டுக்கும் அதுதான் பாதி வழி. பாதி வழியில் பெட்டியை இறக்கி வைத்து, தலை இருந்த பக்கம் கால் வரும்படி திருப்பித்தான் மறுபடியும் தூக்க வேண்டும். இறந்து போகிறவர்களுக்கு வீட்டு வழி மறந்துபோவதற்காக அந்த வழக்கம். அங்கே தார் இருக்கிறதா, கோடு போட்டிருக்கிறதா, மேலே விளக்குக் கம்பம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. லோரி நின்றதும் நான்கு பேர் ஏறி வார்களை அவிழ்த்துப் பெட்டியை இறக்கிவிட்டார்கள். பந்தயம் தொடங்குகிற வெள்ளைக் கோட்டின் மேல் சின்னத்தாய் இருந்தார்.

மஞ்சள் கொடி பிடித்த ஆட்கள் நாலா பக்கமிருந்தும் ஓடிவந்தார்கள். லூகாஸ் எல்லோருக்கும் முன்னால் வந்தார்.

"நிக்கக் கூடாது! தடத்துல வண்டி நின்னா கட்டி இழுத்துட்டுப் போயிடுவாங்க. ஏத்துங்க, ஏத்துங்க!"

"இங்க எறக்கித் திருப்பாம போன பொணம் எங்க ஊர்ல கெடையாது சார்" என்றான் பெர்னாட்.

பெட்டியைத் திருப்பி வைத்தார்கள். திருப்பி வைத்ததும் அர்ஜுனன் நிமிர்ந்தான். எதிரே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், அந்த ஒற்றை ரப்பர் மரம் தெரிந்தது. அதன் கீழே வெட்டிப் போட்ட மண் ஈரமாகக் குவிந்திருந்தது. அப்பா பக்கத்து இடம்.

"வண்டியில ஏத்திட்டு இந்தப் பக்கம் போங்க" என்று லூகாஸ் இடது பக்கம் கையைக் காட்டினார்.

அர்ஜுனன் கையிலிருந்த விளக்கைப் பார்த்தான். அது கண் சிமிட்டியது. இத்தனை வருஷமாகச் சொன்ன சரிகள் அத்தனையும் வாயில் கசந்தன. விளக்கை லூகாஸின் கையில் கொடுத்தான்.

"முடியாதுங்க" என்றான்.

"என்ன?"

"முடியாது சார். எங்கப்பா அங்க படுத்திருக்காரு. எங்கம்மா அங்க போறாங்க. ஒங்க கார்னர் எல்லாம் சுத்திக் காட்ட அவங்க டூருக்கு வரல. வேலி ஒங்களோடது, ரோடு ஒங்களோடது, அவங்க மூஞ்சியக்கூட எடுத்து மேல மாட்டிக்கிட்டீங்க. பொணம் எங்களோடது. தூக்குங்கடா!"

தூக்கினார்கள். நான்கு தோள் போதுமானதாக இருந்தது. வலது பக்கம் நடந்தார்கள். சத்தியம் செய்திருந்த உறுமிக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். அடுத்த தட்டுக்குக் காத்திருந்தது போல எல்லா மேளமும் சேர்ந்துகொண்டது. குமுதா மடியில் மறைத்து வைத்திருந்த பூவையெல்லாம் உயர்ந்த ரகத் தாரின் மேல் வாரி இறைத்தாள்.

டத்தோவுக்கு முதலில் இது நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. "இதோ! இதுதான் குணம்! நேரடியாகப் பார்க்கிறீர்கள்!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். யாரோ காதில் எதையோ சொன்னதும் குரல் மாறியது. "அது தப்பான திசை! தம்பி அர்ஜுனன், திசை மாறாதீங்க! நம்ம இனம் முன்னேறாததுக்கு இதான் காரணம்! எத்தன வசதி செஞ்சு குடுத்தாலும் எதிர்த்திசையிலதான் போவீங்களா?"

கடைசி வளைவில் லூகாஸ் குறுக்கே ஓடிவந்து நின்று, தடத்தை விட்டு வெளியேறச் சொல்லும் கறுப்புக் கொடியை உயர்த்தினார்.

"சாவுக்குக் கறுப்புக் கொடி காட்டுறது மொறதான்" என்றான் பெர்னாட், நடையை நிறுத்தாமல்.

பெட்டி லூகாஸை நெருங்கியது. அவர் அசையாமல்தான் நின்றார். பெட்டி மிக அருகில் வந்தபோது அவருடைய வலது கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. அந்தக் கையில்தான் கொடி இருந்தது. கொடி கீழே விழுந்தது, அவர் ஒதுங்கி வழி விட்டார்.

சின்னத்தாயைச் சோமுவின் பக்கத்தில் இறக்கினார்கள். அர்ஜுனன் குடத்தைத் தோளில் வைத்து, இறந்தவர்களுக்குச் சுற்ற வேண்டிய முறைப்படி இடமாகச் சுற்றி வந்து உடைத்தான். தடத்தின் கணக்கில் அதுவும் எதிர்த்திசைதான். குழியை மூடுவதற்கு முன் பெர்னாட் அந்த ஹெல்மெட்டை எடுத்து வேலியோரம் வைத்தான்.

திரும்பும்போது இடுகாட்டைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. சனமெல்லாம் மௌனமாக வாசலை நோக்கி நடந்தது. பின்னாலிருந்து கார்கள் உறுமின, விசில் கேட்டது, லோரியைக் கொக்கி போட்டு இழுக்கும் சத்தம் கேட்டது. "அர்ஜுனன்! நில்லுங்க! ஒங்க மேல நடவடிக்கை எடுக்கப்படும்! திரும்பிப் பாருங்க, ஒங்ககிட்டதான் பேசுறேன்!" என்று டத்தோவின் குரல் தடம் முழுக்க எதிரொலித்தது. வழக்கம் வழக்கம்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் வாசலை நெருங்கியபோது அர்ஜுனன் நின்றுவிட்டான். எதிரே, மேலே, ஒரு வீட்டு அளவில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். மண் போட்டு மூடிவிட்டு வந்த முகம். தோடு நன்றாக விழுந்திருந்தது.

குமுதா வாயில் துணியைப் பொத்திக்கொண்டு முதல் முறையாக ஓவென்று அழுதாள்.

அர்ஜுனன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரும்புக் கம்பத்தில் ஏறினான். குலை லோரிக்கு வலை கட்டி அவிழ்த்துப் பழகிய கைகள் அவை. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தான். காவலாளி கீழே நின்று பார்த்தான், தடுக்கவில்லை. படுதா ஒரு பக்கம் சரிந்து, காற்றில் ஒரு தரம் உப்பி, தரையில் விழுந்தது. அதைச் சுருட்டினார்கள்.

தூக்கப் போனபோது நான்கு பேரால் அது அசையவில்லை. இன்னும் நான்கு பேர் வந்து தோள் கொடுக்க வேண்டியிருந்தது.

"என்னாடா இவ்ளோ கனம்?" என்றான் பெர்னாட், மூச்சு வாங்க.

"எங்கம்மா இவ்ளோ கனம் இல்ல" என்றான் அர்ஜுனன். ரோட்டைக் கடந்து அடுக்குமாடியின் நாலாவது மாடி வரைக்கும் அதைத் தோளிலிருந்து அவன் இறக்கவில்லை.